வீட்டிலேயே உப்புக் கிராக்கர்: பண்டிகைக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்டிகை நாட்களில் கிராக்கர் என்று சொன்னால் பலருக்கும் முதலில் பட்டாசுதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது மாவைப் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, ஓவனில் சுட்டெடுக்கும் மொறுமொறுப்பான உப்புத் தின்பண்டம். பெயரைத் தவிர இரண்டுக்கும் இன்னொரு பொருத்தமும் உண்டு: ஈரம் பட்டால் இரண்டுமே நமுத்துப்போகும். கிராக்கரைப் பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி இந்த ஈரத்திடமே வந்து நிற்பதைக் கீழே காணலாம்.

பிஸ்கட்டுக்கும் கிராக்கருக்கும் என்ன வேறுபாடு?

இனிப்பு பிஸ்கட்டில் சர்க்கரையும் கொழுப்பும் மிகுதி. அது வாயில் பொடிந்து கரைய வேண்டும். கிராக்கரில் சர்க்கரை அநேகமாக இருக்காது, கொழுப்பும் குறைவு. மாவு, நீர், உப்பு, சிறிது எண்ணெய் ஆகியவற்றை மட்டுமே கொண்டு அது படீரென்று உடையும் தன்மையைப் பெற்றாக வேண்டும். பிஸ்கட்டில் சற்று ஈரம் தங்கிவிட்டாலும் இனிப்பும் வெண்ணெயும் அந்தக் குறையை மறைத்துவிடும். கிராக்கரில் மறைப்பதற்கு எதுவும் இல்லை என்பதால், பொருட்பட்டியல் சிறியதாக இருந்தாலும் செய்முறையில் கவனம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

முதன்முறை செய்பவருக்கு நம்பகமான அளவு எது?

மைதா 250 கிராம், உப்பு 5 கிராம், எண்ணெய் 50 மில்லி, நீர் ஏறத்தாழ 100 மில்லி. மாவில் உப்பைக் கலந்து, எண்ணெயை ஊற்றி, மாவு ஈர மணல் போல் உதிரியாகும்வரை விரல்களால் தேய்க்க வேண்டும். அதன்பிறகே நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. எண்ணெய் முதலில் மாவைப் பூசிக்கொண்டால், மாவிலுள்ள புரதம் நீரோடு சேர்ந்து குளூட்டன் என்னும் இழுவைப் பொருளாக மாறுவது ஓரளவு தடைபடும். கிராக்கர் கடினமாகாமல் உடையும். நீரை முதலில் ஊற்றிவிட்டு எண்ணெயைப் பின்னால் சேர்த்தால் அந்தப் பலன் பெருமளவு கிடைக்காது.

பிசைந்த மாவு கையில் ஒட்டாமலும், அழுத்தினால் விரிசல் விடாமலும் இருக்க வேண்டும். நீரின் அளவு மாவுக்கு மாவு மாறும் என்பதால் கடைசி 10 மில்லியை ஊற்றுமுன் கையால் பதம் பார்ப்பது நல்லது. இந்த மாவை 2 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து 4 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் ஏறக்குறைய 100 துண்டுகள் வரும்.

எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய் அல்லது நெய் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், சுவை கூடும். ஆனால் வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர் இருக்கிறது. அதற்கேற்ப மாவில் ஊற்றும் நீரைக் குறைக்க வேண்டும். வெண்ணெயிலுள்ள பால் திடப்பொருள் விரைவில் சிவக்கும் என்பதால் அடுப்பின் அருகிலேயே நிற்கவும் வேண்டும். நெய்யில் நீர் இல்லை, எனவே அதை எண்ணெயைப் போலவே அளந்து சேர்க்கலாம். அன்றே உண்பதற்கு வெண்ணெய், டப்பாவில் நாட்கணக்கில் வைப்பதற்கு வாடையில்லாத சமையல் எண்ணெய் என்று பிரித்துக்கொள்வதே என் வழக்கம்.

பிசைந்த மாவை ஏன் மூடி வைக்க வேண்டும்? நேரம் இல்லாதபோது தவிர்க்கலாமா?

தவிர்க்க வேண்டாம். பிசைந்த உடனே தேய்த்தால் மாவு ரப்பர் போலப் பின்னோக்கிச் சுருங்கும். சுருங்கிய இடம் தடித்துப்போகும். தடித்த இடம் வேகாது. ஈரத்துணியால் மூடி 20 முதல் 30 நிமிடம் வைத்தால் குளூட்டன் தளர்ந்து, மாவு சொன்னபடி கேட்கும். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மாவு இழுக்கத் தொடங்கினால், பலத்தைக் கூட்டாமல் 5 நிமிடம் விட்டுவிட்டு மீண்டும் தேய்ப்பதுதான் சரியான வழி.

எவ்வளவு மெல்லியதாகத் தேய்க்க வேண்டும்? அளவு தெரிவதே இல்லையே.

1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை. கண்ணால் மதிப்பிடுவது கடினம் என்பது உண்மைதான். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வங்கி அட்டை ஒன்றின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், உலகெங்கும் இந்த அளவு ஒன்றே. இரண்டு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் ஆகும். அதை மாவின் ஓரத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். எழுத்துகள் புடைத்திருக்கும் பழைய அட்டை மட்டும் இதற்கு உதவாது.

மெல்லியதாக இருப்பதைவிட ஒரே சீராக இருப்பது முக்கியம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே தட்டில் 1 மில்லிமீட்டர் துண்டும் 3 மில்லிமீட்டர் துண்டும் இருந்தால், ஒன்று கருகும் நேரத்தில் மற்றொன்று பாதி வெந்திருக்கும். மாவை மேசையில் தேய்த்துப் பின்னர் தட்டுக்கு மாற்றும்போதுதான் துண்டுகள் இழுபட்டுக் கோணலாகின்றன. ஆகவே பேக்கிங் தாளின் மீதே மாவைத் தேய்த்து, அங்கேயே கத்தியால் கோடு போட்டு, தாளோடு தூக்கித் தட்டில் வைப்பது மேல். துண்டுகளைப் பிரித்து அடுக்க வேண்டிய தேவையும் இல்லை. வெந்து ஆறியபின் கோடுகளின் வழியே உடைத்துக்கொள்ளலாம்.

முள்கரண்டியால் குத்துவது வெறும் அழகுக்காகவா?

இல்லை. சூட்டில் மாவுக்குள்ளிருக்கும் நீர் ஆவியாகும்போது, அது வெளியேற வழியில்லையென்றால் மேற்பரப்பு பலூன் போல் உப்பிவிடும். உப்பிய பகுதி மெலிந்து கருகும். அதன் அடிப்பகுதி வேகாமல் நிற்கும். துளைகள் ஆவிக்கு வாசலாக அமைவதோடு, மேலடுக்கையும் கீழடுக்கையும் ஆங்காங்கே சேர்த்துத் தைத்தது போலப் பிடித்துக்கொள்கின்றன. எனவே முள்கரண்டி மறுபக்கம்வரை இறங்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று இடங்களில் குத்த வேண்டும். மேலோட்டமான புள்ளிகள் வெந்தவுடன் மூடிக்கொள்ளும்.

ஓவனில் எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம்?

180 டிகிரி செல்சியஸில் 12 முதல் 16 நிமிடம் என்று தொடங்கலாம். காற்றாடி சுழலும் ஓவனாக இருந்தால் 20 டிகிரி குறைக்க வேண்டும். குறைந்தது 15 நிமிடம் முன்னதாகவே ஓவனைச் சூடேற்றிவிடுவது அவசியம். பாதிச் சூட்டில் வைக்கப்பட்ட கிராக்கர் சிவப்பதற்குள் வறண்டு, வெளிறிய அட்டைபோல் ஆகிவிடும். பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்கவும் மறக்கக்கூடாது. எந்த ஓவனிலும் ஒரு மூலை மற்றவற்றைவிடச் சூடாகவே இருக்கும். அந்த மூலையை இரண்டு முறை சுட்டாலே அறிந்துகொள்ளலாம்.

ஓரத்துத் துண்டுகள் எப்போதும் முந்திக்கொள்ளும். அவை பொன்னிறமானதும் தட்டை வெளியே எடுத்து, அவற்றை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, நடுவிலிருப்பவற்றைப் பரப்பி மீண்டும் 3 அல்லது 4 நிமிடம் வைப்பதே முறை. ஒரே நேரத்தில் எல்லாம் வெந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் பாதி கருகியும் பாதி வெளிறியும் போகின்றன.

மேலே நன்றாகச் சிவந்திருக்கிறது. ஆனாலும் நடுவில் சவசவ என்று இருக்கிறது. ஏன்?

இதுவே மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நிறம் என்பது மேற்பரப்பின் கதை. மேற்பரப்பு உலர்ந்து ஏறத்தாழ 140 டிகிரியைத் தாண்டும்போது புரதமும் சர்க்கரைப் பொருளும் வினைபுரிந்து பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன. உள்ளே நீர் இருக்கும்வரை நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே சூடு மிகுதியாக இருந்தால், உள்ளிருக்கும் நீர் வெளியேறும் முன்பே மேற்பரப்பு சிவந்துவிடும். பார்ப்பவர் வெந்துவிட்டது என்று நம்பி வெளியே எடுத்துவிடுவார்.

இதற்குத் தீர்வு, சிவக்க வைப்பதையும் உலர வைப்பதையும் இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துக்கொள்வது. இளம் பொன்னிறம் வந்ததும் ஓவனை 100 டிகிரிக்குக் குறைத்து, கதவைச் சற்றுத் திறந்து சூட்டையும் ஆவியையும் வெளியேற்றிவிட்டு, மேலும் 15 முதல் 20 நிமிடம் உள்ளேயே வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் நிறம் அநேகமாக மாறாது. ஈரம் மட்டும் வெளியேறும். கிராக்கர் செய்வதில் ஒரே ஒரு நுணுக்கத்தை மட்டும் கற்றுக்கொள்ள இடமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

உலர்ந்துவிட்டதா என்பதை எடை பார்த்தும் அறியலாம். மேலே சொன்ன அளவில் பிசைந்த மாவு ஏறத்தாழ 400 கிராம் இருக்கும். ஊற்றிய 100 கிராம் நீரோடு, மைதாவுக்குள்ளேயே இயல்பாக இருக்கும் 30 கிராம் அளவு ஈரமும் உண்டு. முறையாக உலர்ந்த கிராக்கரில் மூன்று நான்கு சதவீத ஈரமே மிஞ்சும் என்பதால், மாவு முழுவதையும் சுட்டெடுத்தபின் மொத்த எடை 280 கிராமுக்கு அருகில் இருக்க வேண்டும். 310 அல்லது 320 கிராம் காட்டினால், நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது மீண்டும் ஓவனுக்குள் போக வேண்டிய பண்டம்.

தராசு இல்லாதவர்கள் ஒரு துண்டை முற்றிலும் ஆறவிட்டு உடைத்துப் பார்க்கலாம். சூடாக இருக்கும்போது நன்கு வெந்த கிராக்கரும் சற்று வளையும். எனவே சூட்டோடு உடைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

ஆறியபின் எவரும் தொடாமலேயே நடுவில் கீறல் விழுகிறதே?

ஓரம் வறண்டும் நடு ஈரமாகவும் இருந்ததன் அடையாளம் அது. ஆறிய பிறகு நடுவிலுள்ள ஈரம் மெல்ல ஓரத்துக்கு நகர்கிறது. ஈரம் பெற்ற ஓரம் விரிகிறது, ஈரம் இழந்த நடு சுருங்குகிறது, இழுபறியில் துண்டு பிளக்கிறது. சில வேளைகளில் டப்பாவில் வைத்து ஒரு நாள் கழிந்த பிறகுகூட இது நேரும். இங்கும் மருந்து அதே மெல்லிய சூட்டு உலர்த்தல்தான். அடுப்பிலிருந்து எடுத்தவுடன் மின்விசிறிக்குக் கீழே வைக்காமல், கம்பித் தட்டில் தானாக ஆறவிடுவதும் உதவும்.

பேக்கிங் சோடா, பேக்கிங் பவுடர், ஈஸ்ட் இவற்றில் ஏதேனும் கட்டாயமா?

எதுவும் கட்டாயமில்லை. மெல்லியதாகத் தேய்த்துக் குத்திய மாவு தானாகவே மொறுமொறுக்கும். சற்று உப்பி, இலேசாக உடைய வேண்டுமென்றால் 250 கிராம் மாவுக்கு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போதும். சோடாவை ஒரு சிட்டிகைக்கு மேல் சேர்த்தால் நிறம் விரைவில் கருத்து, சோப்பு போன்ற ஒரு சுவை நாக்கில் நிற்கும்.

கடைகளில் கிடைக்கும் சோடா கிராக்கர் வகை வேறு. அதற்கான மாவை ஈஸ்ட் சேர்த்துப் பல மணி நேரம் புளிக்கவைத்து, அதில் உண்டாகும் புளிப்பைச் சோடாவால் சமன்செய்து, பிறகு மாவை மடித்து மடித்துத் தேய்க்கிறார்கள். அதனால்தான் அதில் அடுக்கடுக்கான அமைப்பு வருகிறது. வீட்டில் செய்ய முடியும் என்றாலும், பண்டிகைக்கு முந்தைய நெருக்கடியில் அதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோதுமை மாவில் செய்யலாமா? குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கு என்ன வழி?

முழுக் கோதுமை மாவு நல்ல மணம் தரும். அதிலுள்ள தவிடு நீரைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் 10 முதல் 15 மில்லி நீர் அதிகம் தேவைப்படலாம். மூடி வைக்கும் நேரத்தையும் 40 நிமிடமாக நீட்டுவது நல்லது. கோதுமை முளைப்பகுதியின் எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கக்கூடியது. எனவே புதிதாக அரைத்த மாவையே பயன்படுத்தி, சுட்டதைச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். பாதி மைதா, பாதி கோதுமை என்ற கலவையே எனக்கு நிறைவாக இருக்கிறது.

குளூட்டன் வேண்டாமென்றால் அரிசி மாவும் கடலை மாவும் சம அளவில் கலந்து செய்யலாம். இந்த மாவுகளில் இழுவை இல்லாததால் குளிர்ந்த நீர் ஊற்றிப் பிசைந்தால் உதிர்ந்துவிடும். கொதிக்கும் நீரை ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால், மாவுச்சத்து ஓரளவு வெந்து பசைபோல் பிடித்துக்கொள்ளும். இரண்டு தாள்களுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பது அவசியம். கடுமையான ஒவ்வாமை உள்ளவருக்குச் செய்வதானால் மைதா புழங்கிய பலகை, பூரிக்கட்டை, சல்லடை எதையும் தொடக்கூடாது.

மேலே தூவும் எள்ளும் விதைகளும் உதிர்ந்துவிடுகின்றனவே?

உலர்ந்த மாவின்மீது தூவினால் உதிரத்தான் செய்யும். தேய்த்த மாவின்மேல் நீரையோ, நீரில் கலந்த முட்டை வெள்ளைக்கருவையோ மெல்லப் பூசி, விதைகளைத் தூவி, பூரிக்கட்டையை ஒருமுறை இலேசாக உருட்ட வேண்டும். விதைகளை முன்கூட்டியே வறுக்க வேண்டாம்; ஓவனிலேயே வறுபடும், முன்பே வறுத்தவை கசந்துவிடும்.

பூண்டு, மூலிகை, மிளகாய், சீஸ் போன்றவற்றை எப்படிச் சேர்ப்பது?

உலர்ந்த வடிவில் சேர்ப்பதே பொதுவிதி. பச்சைப் பூண்டும் பச்சை இலைகளும் நீரைச் சுமந்து வருகின்றன. அவை இருக்கும் இடம் மட்டும் மெத்தென்று ஆகிவிடும் அல்லது கருகிக் கசக்கும். பூண்டுப் பொடி, உலர்ந்த மூலிகை, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, சீரகம் ஆகியவற்றை மாவிலேயே கலந்துவிடலாம். மிளகாய்த் தூளை மேலே தூவினால் சூட்டில் கருத்துவிடும். மாவுக்குள் கலந்தால் தப்பிக்கும். ஒரு கிராக்கரில் ஒரு வாசனை முன்னே நின்றால் போதும். நான்கைந்தைக் கொட்டிச் செய்தவை எல்லாம் கடைசியில் ஒரே மாதிரிதான் சுவைக்கின்றன.

சீஸ் கிராக்கருக்குத் தனி அளவு: மைதா 125 கிராம், நன்கு முற்றிய கெட்டியான சீஸ் துருவல் 100 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 60 கிராம், நீர் ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி. சீஸிலேயே உப்பு இருப்பதால் தனி உப்பு ஒரு சிட்டிகை போதும். பிசைந்த மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் 30 நிமிடம் வைத்த பிறகு தேய்க்க வேண்டும். இல்லையென்றால் வெண்ணெய் உருகி மாவு கையில் ஒட்டும். மென்மையான, ஈரமான சீஸ் வகைகள் இதற்குப் பொருந்தா.

பண்டிகைக்கு எத்தனை நாள் முன்பே செய்து வைக்கலாம்?

எண்ணெயில் செய்த சாதாரண கிராக்கர், காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். சீஸ் சேர்த்தவற்றை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதற்கும் முன்பே தயாராக விரும்புவோர் பச்சை மாவைத் தட்டையாக்கி, இறுகச் சுற்றி, உறைநிலைப் பெட்டியில் ஒரு மாதம்வரை வைத்திருந்து, வேண்டிய நாளில் சுட்டெடுக்கலாம்.

டப்பாவில் போடுமுன் கிராக்கர் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும் என்பதில் சலுகையே கிடையாது. தொட்டால் வெதுவெதுப்பாகக்கூட இருக்கக்கூடாது. விருந்தினர் வரவிருந்த நாளுக்கு முந்தைய இரவு, தூக்கக் கலக்கத்தில் இளஞ்சூட்டோடு மூடி வைத்து, காலையில் மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகளைக் கண்ட அனுபவம் எனக்கு உண்டு. மூன்று தட்டு உழைப்பும் நமுத்துப்போயிருந்தது. வெவ்வேறு வகைகளையும் ஒரே டப்பாவில் கலக்கக்கூடாது. பூண்டின் மணம் எல்லாவற்றிலும் ஏறும், சற்று ஈரமான வகை மற்றவற்றையும் கெடுக்கும்.

நமுத்துப்போனதை மீட்க முடியுமா?

முடியும். காற்றிலிருந்து ஏறிய ஈரம்தான் காரணம் என்பதால், 150 டிகிரியில் 5 நிமிடம் வைத்து எடுத்து ஆறவிட்டால் மீண்டும் மொறுமொறுக்கும். நாள்பட்ட எண்ணெயின் சிக்கு வாடை வந்துவிட்டால் மட்டும் எந்தச் சூடும் உதவாது, கொட்டிவிட வேண்டியதுதான்.

ஓவன் இல்லாமல் ஏர் ஃபிரையரில் செய்யலாமா?

160 டிகிரியில் 6 முதல் 9 நிமிடம் போதும். ஆனால் அதன் காற்று வேகத்தில் மெல்லிய துண்டுகள் இலை போலப் பறந்து சூட்டுக் கம்பியில் மோதும். அவற்றின்மேல் ஒரு கம்பி வலையை வைத்துவிட வேண்டும். ஒரே அடுக்காகவே பரப்ப வேண்டும். சாதாரண மைக்ரோவேவ் அலைகளால் மட்டும் பொன்னிறம் வராது.

உப்பு எவ்வளவு? பிசையும்போது மாவைச் சுவைத்துப் பார்க்கலாமா?

மாவின் எடையில் 2 சதவீதம் சரியான அளவு. மேலே கல்லுப்புப் பொடி தூவுவதாக இருந்தால் மாவுக்குள் ஒன்றரை சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம். சுட்டெடுத்த சூட்டோடு மேலே சில துளி எண்ணெய் பூசினால் பளபளப்பும் வரும், உப்புத் தூளும் ஒட்டும். பச்சை மாவைச் சுவைக்க வேண்டாம். வேகாத மாவில் நோய்க்கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. ஒரே ஒரு துண்டை முதலில் சுட்டுச் சுவைத்துப் பார்த்தால் உப்பு, கனம், நேரம் மூன்றுமே தெரிந்துவிடும்.

விருந்தில் எப்படி வைப்பது?

தொட்டுக்கொள்ளும் கலவைகளைத் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும்; கிராக்கரின்மேல் முன்கூட்டியே தடவி அடுக்கினால் கால் மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். முழுவதையும் ஒரே தட்டில் கொட்டாமல், தீரத் தீர டப்பாவிலிருந்து எடுத்து நிரப்புவது நல்லது. கோதுமை, பால், எள், கொட்டை வகைகள் ஒவ்வாதவர்கள் கூட்டத்தில் இருக்கக்கூடும் என்பதால், எதில் என்ன இருக்கிறது என்று ஒரு சிறு சீட்டில் எழுதித் தட்டருகே வைத்துவிடலாம்.

வெட்டிய ஓரங்களையும் உடைந்த துண்டுகளையும் என்ன செய்வது?

ஓரங்களைச் சேர்த்து ஒருமுறை மட்டும் மீண்டும் தேய்க்கலாம், அதுவும் 10 நிமிடம் மூடி வைத்த பிறகு. இரண்டாவது முறை தேய்த்தவை கடினமாகிவிடும். அவற்றைக் கோணல்மாணலாகவே சுட்டுச் சமைத்தவரே தின்றுவிடுவது வழக்கம். உடைந்த துண்டுகளைக் கரகரப்பாகப் பொடித்து வைத்துக்கொண்டால், சூப்பின்மேல் தூவவும், பொரிப்பவற்றுக்கு மேல்மாவாகப் புரட்டவும் பயன்படும்.